நாய்க்கு ஒரு சிக்னல்

அத்தியாயம் 6

தீவுத் தலைநகரில், ஜங்லிகாட் மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில், ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது உமா மகேஸ்வரியின் துப்பறியும் அலுவலகம். காலையில் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் தையல்காரரைத் தேடி வழி தவறியவர்கள். அவர்களைக் கீழே திருப்பி அனுப்புவதுதான் குழந்தைவேலுவின் முதல் வேலை. அதனால் அன்று கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஹெல்மெட்டுமாக ஒரு பெண் வந்து நின்றபோது அவர் பேப்பரிலிருந்து நிமிராமலே, "பிளவுஸ் கீழேம்மா" என்றார்.

"எங்கப்பாவை இன்னைக்கு அரெஸ்ட் பண்ணப் போறாங்க" என்றாள் அந்தப் பெண்.

குழந்தைவேலு எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

பெயரில் மட்டும்தான் அவர் குழந்தை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சென்னைக் கப்பலில் சாப்பாட்டு ஹால் ஸ்டூவர்டாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவி தினம் ஓர் அலமாரியை இடம் மாற்றச் சொல்கிறாள் என்பதற்காகவே உமாவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். உமாவோ அவருக்கு மகள் வயது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளை விசாரித்து விசாரித்து, மெய்யான ஒன்றையாவது விசாரிக்கலாமே என்று தனிக்கடை போட்டவள். அவர் அவளை உமாம்மா என்பார். அவள் அவரை வேலண்ணே என்பாள். முதலாளி யார் என்ற கேள்வி சம்பள நாளில் மட்டும்தான் எழும்.

வந்தவள் பெயர் ஷீபா. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், படகு டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. அவளுடைய அப்பா இருதயநாதன், கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு மின்னி பேயில் செந்தமிழன் என்பவரின் டைவிங் கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறார். முந்தாநாள் பட்டப்பகலில் அந்தக் கம்பெனிக் கொட்டகையிலிருந்து படகுக்குப் பூட்டும் புது எஞ்சின்கள் இரண்டு காணாமல் போய்விட்டன. கேட்டில் இருந்த கேமராவில் பதிவான ஒரு துண்டு வீடியோவை மேனேஜர் அருண்பிரசாத் போலீசிடம் கொடுத்தார். கொடுத்த சூட்டிலேயே அது தீவிலுள்ள எல்லா வாட்ஸப் குரூப்பிலும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஷீபாவிடம் டிக்கெட் வாங்க வந்த ஒருவரே அதை அவளுக்குக் காட்டியிருக்கிறார்.

உமா வீடியோவைப் போட்டாள். கேட்டுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருதயநாதன் உட்கார்ந்திருக்கிறார். தார்ப்பாய் போட்ட டெம்போ ஒன்று சாலையிலிருந்து திரும்பி மூக்கை நீட்டுகிறது. அவருடைய வலது கை சடாரென்று மடங்கி மேலே எகிறுகிறது. அதோடு வலது பக்க முகமும் ஓர் இழுப்பு இழுக்கிறது. கண்ணடித்துக் கை காட்டி, 'வா' என்று கூப்பிட்டது போலவே இருந்தது. வீடியோ அங்கேயே முடிந்துவிட்டது.

"அப்பா என்ன சொல்றாரு?" என்றாள் உமா.

"கையே தூக்கலன்னு சொல்லுதாரு. அன்னைக்கு டெம்போவே வரலங்காரு. வீடியோவப் பாத்துட்டும் அதையேதான் சொல்லுதாரு. எஸ்.ஐ. சாருக்குக் கோவம் வந்துட்டு. சாயங்காலம் கம்பெனிக்கு வருவேன், அதுக்குள்ள சரியான பதில் இல்லன்னா கூட்டிட்டுப் போயிருவேன்னுட்டாரு."

"நான் திருடனா இருந்தா கொசு கடிச்சுது, ஓட்டினேன்னு சொல்லியிருப்பேன்" என்றார் குழந்தைவேலு.

"அதேதான் வேலண்ணே. பொய் சொல்றவன் பார்த்ததுக்கு ஒரு காரணம் சொல்லுவான். பார்த்ததையே இல்லைன்னு சொல்ல மாட்டான்."

சொல்லிவிட்டு உமா வீடியோவின் கடைசிப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். குழந்தைவேலுவுக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. அதே கை, அதே எகிறல். அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார்.

மின்னி பேயில் கடலை ஒட்டியே இருந்தது கம்பெனி. ஒரு கொட்டகை, கேட், பழைய கப்பல் கன்டெய்னரை ஆபீசாக்கி வைத்த ஒரு பெட்டி. முதலாளி செந்தமிழன் ஒரு வாரமாகத் தீவை விட்டு மெயின்லேண்டில் இருந்துவிட்டு அன்று காலை விமானத்தில்தான் வந்து இறங்கியிருந்தார். திறக்காத சூட்கேஸ் மேஜையடியில் கிடந்தது. மனிதர் கோபத்தில் இருந்தாலும் நியாயம் பேசினார். இருதயநாதனை வேலைக்கு வைத்ததே தான்தான் என்றும், அந்த ஆள் வளாகத்தில் விழுகிற தேங்காயைக்கூட எடுத்து ஆபீசில் வைத்துவிட்டுப் போகிறவர் என்றும், அதனால்தான் இந்த வீடியோ தன்னைத் தூங்கவிடவில்லை என்றும் சொன்னார்.

மேனேஜர் அருண்பிரசாத் தலையில் கறுப்புக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு பளிச்சென்று இருந்தான். முழுப் பதிவையும் பார்க்க வேண்டும் என்று உமா கேட்டதும் அவன் சிரித்தான்.

"மேடம், போலீஸ்கிட்ட சப் குச், எல்லாமே குடுத்தாச்சு. ரெக்கார்டர் ரொம்ப ஸ்லோ. உங்க டைம்தான் வேஸ்ட்."

"என் ரெக்கார்டர். நான் காட்டுறேன்" என்று செந்தமிழன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அருண்பிரசாத் கொஞ்ச நேரம் பின்னால் நின்றான். பிறகு டைவிங்குக்கு வந்த விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

திருட்டு நடந்த நாளின் காலையிலிருந்து பதிவை ஓட்டினார்கள். படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. முதலில் ஒன்றுமில்லை. மேனேஜர் பைக்கில் வந்தான், இருதயநாதன் எழுந்து கேட்டைத் திறந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு அந்தக் கை எகிறியது. எதிரே சாலை காலியாகக் கிடந்தது.

"யாருக்குக் காட்டுறார்?" என்றார் செந்தமிழன்.

பதில் வருவதற்குள் இன்னொரு தரம் எகிறியது. இந்த முறை கேட்டுக்கு வெளியே ஒரு செவலை நாய் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

குழந்தைவேலு தொண்டையைச் செருமிக்கொண்டார். "கும்பல் நாம நினைச்சதைவிடப் பெருசு உமாம்மா. நாயும் கூட்டு."

தண்ணீர் லாரி வந்தது. இருதயநாதன் உட்கார்ந்தபடியே கையசைத்து உள்ளே விட்டார். டிரைவரே இறங்கிக் கேட்டைத் திறந்துகொண்டான். சுற்றுலா வேன் வந்தபோதும் அப்படித்தான். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கை எகிறி, டம்ளர் சாலைக்குப் பறந்தது. அவர் அதை ஆச்சரியமாகப் பார்த்தார், யாரோ எறிந்ததைப் பார்ப்பது போல. கேட்டருகே ஒரு தென்னை மட்டை விழ, அவர் தலையைத் திருப்பியதும் இன்னொரு எகிறல். எல்லாம் வலது பக்கம்தான். எல்லாம் கண் சிமிட்டும் நேரம்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு அவர் எதுவுமே நடக்காதது போல இருந்தார். எத்தனை தடவை என்று எண்ண ஆரம்பித்த செந்தமிழன் பாதியில் விட்டுவிட்டார். முதலில் சிரித்துக்கொண்டிருந்தவர் முகத்தில் சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

கடைசியாக அந்த டெம்போ வந்தது. கை எகிறியது. இருதயநாதன் எழுந்து, சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டு, கேட்டைத் திறந்தார். டெம்போ உள்ளே போனது. அதன் முன் கண்ணாடியில் வெயில் பட்டு வெள்ளையாகத் தெரிந்ததே தவிர உள்ளே இருந்தவர்கள் தெரியவில்லை. நம்பர் பிளேட்டில் சேறு.

உமா அந்த இடத்தை மூன்று தரம் போடச் சொன்னாள். பிறகு சாயங்காலம் போலீஸ் ஜீப் வந்த காட்சிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, நாயையும் டெம்போவையும் ஜீப்பையும் தன் போனில் ஏற்றிக்கொண்டாள்.

"நாய் ஏன்?" என்றார் குழந்தைவேலு.

"நாய்தான் நமக்கு முதல் சாட்சி. வாங்க, அவரைப் பார்ப்போம்."

இருதயநாதன் வீட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. உமாவின் அலுவலகத்துக்கு நாலு தெரு தள்ளித்தான். அவர் வாசலுக்கே வந்து வரவேற்றார். அகலமான உடம்பு, அதைவிட அகலமான சிரிப்பு. கைது, போலீஸ் எதைப் பற்றியும் கவலை இருப்பதாகவே தெரியவில்லை. குழந்தைவேலு கப்பல்காரர் என்று அறிந்ததும் எந்தக் கப்பல், என்ன வேலை என்று ஆவலோடு கேட்டார். ஸ்டூவர்ட் என்றார் இவர். கப்பல் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். பிறகு, கப்பலில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று அவர் மறுபடி கேட்டார். இவர் மறுபடி ஸ்டூவர்ட் என்றார். மூன்றாம் முறை அதே கேள்வி வந்தபோது குழந்தைவேலு துணிந்து, "கேப்டன்" என்றார். இருதயநாதன் மரியாதையாகத் தலையாட்டினார். ஷீபா தரையைப் பார்த்துக்கொண்டாள். குழந்தைவேலுவுக்குத் தன் நகைச்சுவை நாக்கிலேயே கசந்தது.

அப்போதுதான் அது நேரிலேயே நடந்தது. பேசிக்கொண்டே இருந்தவரின் வாயோரம் காதைப் பார்த்து இழுத்துக்கொண்டது, கை மடங்கித் துள்ளியது, அடுத்த நொடியில் விட்ட வாக்கியத்தைத் தொடர்ந்தார். அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி அமுதம் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

உமா பின்னாலேயே போனாள். குழந்தைவேலுவும் தண்ணீர் கேட்கிற சாக்கில் போய் நின்றார். கணவனோடு பேசி எத்தனை நாளாச்சு என்று உமா கேட்டதும், அமுதம் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"போன மாசத்துல இருந்து. பக்கத்து வீட்டு ராணியப் பாத்துக் கண்ணடிக்காரும்மா. வாசல்ல நிண்ணு கையும் காட்டுதாரு. பேரன் எடுக்குற வயசுல இப்படியொரு புத்தி. பிள்ளைகிட்ட எப்படிச் சொல்லுவேன்? ராணி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

உமா போனை நீட்டினாள். சின்னத் திரையில், தூங்குகிற நாய்க்கு இருதயநாதன் கண்ணடித்துக் கை காட்டினார்.

அமுதம் இரண்டு தரம் பார்த்தாள். "நாய்க்குமா?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு மாதமாக அந்த மனுஷனுக்குச் சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனதையெல்லாம் சொல்லி அழுதாள். பின்பு முகத்தைக் கழுவிக்கொண்டு, இது வியாதிதான், எந்த டாக்டரிடம் போக வேண்டும் என்று கேட்டாள்.

நரம்பு டாக்டர் சந்திரமதி உமாவின் பழைய இன்சூரன்ஸ் வேலையில் பழக்கமானவர். கூட்டத்துக்கு நடுவே அவர்களை உள்ளே அழைத்தார். நாய் வீடியோவைப் பார்த்ததும் அவரும் சிரித்தார். மற்ற காட்சிகளைப் பார்க்கப் பார்க்க நாற்காலியின் முன்பக்கத்துக்கு நகர்ந்து வந்தார். இருதயநாதனிடம் மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். சிறிது பேச்சுக்குப் பிறகு கேட்டபோது, எந்தச் சொற்கள் என்று அவர் சிரித்தபடி திருப்பிக் கேட்டார். ரத்தம் எடுத்து அங்கேயே பார்த்ததில் உப்புச் சத்து நன்றாகக் குறைந்திருந்தது. அதுவும் தான் நினைப்பதோடு பொருந்துகிறது என்றார் டாக்டர்.

அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு ஷீபா உள்ளே வந்து, மனசு சரியில்லாமல் போய்விட்டதா என்று மெல்லிய குரலில் கேட்டாள். டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். ஒரு தாளில் இரண்டு வளைகோடுகளை எதிரெதிரே வரைந்து விளக்கினார். மூளையில் ஒரு நரம்பு செல் இன்னொன்றோடு பேசுகிற இடத்தில் நூலிழை போல ஓர் இடைவெளி இருக்கிறது. இந்தப் பக்கமிருந்து ரசாயனம் வரும். அதை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கத்தில் ரிசப்டர்கள் இருக்கும். அவை சிதறிக் கிடந்தால் பிரயோஜனம் இல்லை. ரசாயனம் வந்து விழுகிற இடத்துக்கு நேர் எதிரே, கூட்டமாக, நகராமல் நிற்க வேண்டும். அப்படி அவற்றைப் பிடித்து நிறுத்தவும், கிடைத்த செய்தியை உள்ளே அனுப்பவும் பின்னால் வேறு புரதங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இரண்டு பக்கத்தையும் இடைவெளிக்குக் குறுக்கே சேர்த்துப் பிடிக்கிற புரதமும் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் எல்.ஜி.ஐ.-1.

"இவரோட உடம்பு அந்தப் புரதத்தை எதிரின்னு தப்பா நினைச்சு அதைத் தாக்குது. பிடி விட்டுப் போகுது, ரிசப்டர்கள் இருந்த இடத்துல நிக்கிறதில்லை. ஞாபகம் பதியுற இடத்துல அது நடந்தா காலையில நடந்தது சாயங்காலம் இருக்காது. கையை ஆட்டுற இடத்தையும் அது கிளறி விட்டா கை தானா எகிறும்."

"ஜெட்டியையும் கப்பலையும் கட்டுற கயிறு மாதிரியா டாக்டர்?" என்றார் குழந்தைவேலு. "கயிறு போச்சுன்னா கப்பல் கண்ணு முன்னாலதான் இருக்கும். ஆனா ஆள் இறங்க முடியாது."

கிட்டத்தட்ட அப்படித்தான் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். உறுதி செய்ய ரத்தம் சென்னைக்குப் போக வேண்டும், ஆனால் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை, இன்றே உள்நோயாளியாகச் சேர்த்து மருந்தை ஆரம்பித்துவிடலாம் என்றார். கை எகிறுவது பெரும்பாலும் சீக்கிரமே நின்றுவிடும். ஞாபகம் மெல்லத்தான் தேறும். போன வாரங்களில் பதியாமல் போனவை திரும்பி வராமலே போகலாம். இப்போதே வந்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டு, கேமராப் பதிவின் நகல் தனக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் குழந்தைவேலு நிம்மதியாக மூச்சு விட்டார். கேஸ் முடிந்தது, எஸ்.ஐ.யிடம் டாக்டர் சீட்டைக் காட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலமாவது சாப்பிடலாம் என்பது அவருடைய திட்டம்.

உமா ஸ்கூட்டரில் ஏறவில்லை. "கை ஏன் எகிறுச்சுன்னு தெரிஞ்சுது அண்ணே. கேட்டை ஏன் திறந்தார்னு இன்னும் தெரியலையே."

அவர் ஹெல்மெட்டைப் பாதி மாட்டியபடி நின்றார். அது உண்மைதான். நோயாளி என்று ஆகிவிட்டாலும், திருடனுக்குக் கேட்டைத் திறந்துவிட்ட நோயாளி என்றுதான் எஸ்.ஐ. சொல்லுவார்.

எஸ்.ஐ. அப்படியேதான் சொன்னார். மின்னி பே ஆபீசில் வெயில் இறங்கிய நேரம். செந்தமிழன் மேஜைக்குப் பின்னால், அருண்பிரசாத் கதவோரம், எஸ்.ஐ. நடுநாயகமாக. நாய் வீடியோவைப் பார்த்து அவர் மீசைக்குள் சிரித்தார். டாக்டர் சீட்டைக் கவனமாகப் படித்தார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"டீக் ஹை, சரி. சிக்னல் இல்லைன்னே வச்சுக்குவோம். எழுந்து போய்க் கேட்டைத் திறந்து விட்டிருக்காரே, அதுவும் வியாதியா?"

"இல்லை சார், அது பழக்கம்" என்றாள் உமா. "நீங்க முதல்ல பார்த்த துண்டு வீடியோ கை எகிறினதோட முடிஞ்சுது. நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்தது, ஏன் அங்கே வெட்டணும்? அடுத்து என்ன இருக்குன்னு பார்த்தேன். அவர் எழுந்து நிக்கிறது இருக்கு. எல்லாரும் கையைப் பார்த்தீங்க. நான் காலைப் பார்த்தேன்."

அவள் போனை மேஜையில் நிமிர்த்தி வைத்தாள். தண்ணீர் லாரி. உட்கார்ந்தே இருந்தார். சுற்றுலா வேன். உட்கார்ந்தே இருந்தார். காலையில் மேனேஜர் பைக். எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், கேட்டைத் திறந்தார். டெம்போ. எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், கேட்டைத் திறந்தார்.

"நான் வந்தாலும் அப்படித்தான் எழுந்து நிப்பார்" என்றார் செந்தமிழன் மெதுவாக. "வேண்டாம்னு சொன்னாலும் கேட்க மாட்டார்."

"நீங்க அன்னைக்கு மெயின்லேண்ட்ல இருந்தீங்க. மிச்சம் ஒரு ஆள்தான்."

அருண்பிரசாத் சிரிக்க முயன்றான். அந்த நேரத்தில் தான் ஜெட்டியில் சரக்கு எடுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். கிழவனுக்கு மூளையே சரியில்லை என்று இவர்களே சொல்கிறார்கள், அப்படிப்பட்டவர் யார் வந்தாலும் எழுந்து நிற்பார், இதெல்லாம் ஒரு சாட்சியா என்று கேட்டான்.

"யார் வந்தாலுமா?" என்று உமா கடைசிக் காட்சியைப் போட்டாள்.

அன்று சாயங்காலம் போலீஸ் ஜீப் வருகிறது. எஸ்.ஐ. தொப்பியோடு இறங்குகிறார். இருதயநாதன் நாற்காலியில் அமர்ந்தபடி, காலைக்கூட மடக்காமல், உள்ளே போகலாம் என்று கையசைக்கிறார்.

குழந்தைவேலு கூரையைப் பார்த்துக்கொண்டார். எஸ்.ஐ. தன் தொப்பியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எனக்கே எழுந்திருக்காத ஆளு" என்றார் அவர். "டெம்போவுல டிரைவர் பக்கத்துல யார் தம்பி இருந்தது?"

செந்தமிழன் அருண்பிரசாத்தைப் பார்த்துக் கத்தவில்லை. உட்கார் என்று நாற்காலியைக் காட்டினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவன் உடைந்தான். ஹேவ்லாக் தீவில் சொந்தமாக டைவிங் கம்பெனி தொடங்க ஆசைப்பட்டிருக்கிறான். எஞ்சின்கள் பம்பூ ஃப்ளாட் என்ற ஊரில் மச்சினனின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன. வாட்ச்மேன் அண்ணன் சொன்னதையே சொல்கிறார், கேட்டதையே கேட்கிறார் என்பதைச் சில வாரங்களாகவே கவனித்து வந்திருக்கிறான். எஞ்சின் சர்வீசுக்குப் போகிறது என்று டெம்போவிலிருந்தே சொன்னதும் அவர் சரி தம்பி என்று திறந்துவிட்டார். சாயங்காலம் அது அவருக்கு நினைவில் இருக்காது என்பது அவனுக்குத் தெரியும். கை எகிறியது மட்டும் அவன் திட்டத்தில் இல்லை. பதிவைப் பார்த்தபோது கிடைத்தது, வெட்டி எடுத்துக் கொடுத்துவிட்டான்.

எஸ்.ஐ. அவனை ஜீப்புக்குக் கூட்டிப் போகும்போது உமாவிடம், அந்த ஜீப் காட்சி மட்டும் வாட்ஸப்புக்குப் போக வேண்டாமே என்று தயங்கியபடி கேட்டார். போகாது என்று அவள் வாக்குக் கொடுத்தாள். குழந்தைவேலுவிடம் அவர் தனியாகவும் வாக்கு வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இருதயநாதன் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அமுதம் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ராணி கொண்டுவந்த இட்லியை அவருக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாதப் பேச்சையும் ஒரே நாளில் பேசித் தீர்ப்பது போல அவளுடைய வாய் ஓயவில்லை. குழந்தைவேலு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னார். ஷீபா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள்.

"எஞ்சின எடுத்தது யாரு?" என்றார் இருதயநாதன்.

அருண்பிரசாத் என்றார்கள்.

அவருடைய முகம் சுருங்கியது. "அருணா? அவன் பொண்டாட்டி மாசமால்லா இருக்கா. அந்தப் பிள்ளைக்கு இங்க யாரும் கிடையாது."

உம்மை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தவன் அவன் என்று அமுதம் சுள்ளென்று சொன்னாள். அவனுக்காக உருக வேண்டாம் என்றாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். செந்தமிழன் போனில் பேசியதையும், வேலை அவருக்காகக் காத்திருக்கும் என்று சொன்னதையும் ஷீபா சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, ஏதோ விட்டுப்போனதைத் தேடுகிறவர் போலக் கேட்டார்.

"ஆமா, எஞ்சின எடுத்தது யாருன்னு தெரிஞ்சுதா?"

குழந்தைவேலுவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கை வார்த்தை இருந்தது. இதற்கு இல்லை. உமாதான் மறுபடியும் அந்தப் பெயரைச் சொன்னாள்.

அதே முகம் அதே மாதிரி சுருங்கியது. "அருணா? அவன் பொண்டாட்டி மாசமால்லா இருக்கா."

அமுதம் கையில் இட்லியோடு கணவனைப் பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து மகளிடம் சொன்னாள்:

"காலைல மார்க்கெட்டுக்குப் போறப்ப பாறை மீன் கெடச்சா ரெண்டு பங்கா வாங்கு. சூரை வேண்டாம், மாசமா இருக்கவளுக்குச் சூடு."